கறுத்தால் என்ன?

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் நடந்த கண்ணகி நாடகம் நண்பர்களுக்கு நினைவிருக்கும். திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. அந்தக் கைதட்டலில் நான் கலந்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் தலைவலி என்று சொல்லி வைத்தேன். அது பொய். உண்மையை இன்று எழுதுகிறேன்.

நடிகர்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் ஒருவன். கண்ணகி வேடத்துக்கு இரு மாணவியர் வந்தனர். ஒருவர் வழக்குரைக்கும் கட்டத்தைப் பேசிக் காட்டினார். அறையில் இருந்தவர்கள் மூச்சுவிடவும் மறந்தோம். மற்றவர் ஒப்பித்தார், அவ்வளவுதான். வேடம் ஒப்பித்தவருக்கே போயிற்று. “குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடை விளக்கில் முகம் எடுபட வேண்டுமே!” என்றார் குழுவில் ஒருவர். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். பேசிக் காட்டிய மாணவி கறுப்பு நிறம். அவர் தோழியர் கூட்டத்தில், பின்வரிசையில், வாய் திறவாமல் நின்றார்.

புகாரிலிருந்து மதுரைவரை நடந்த பெண் கறுக்காமலா இருந்திருப்பாள்? பாண்டி நாட்டில் வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் நடந்தார்கள் என்று இளங்கோவடிகள் சொல்கிறாரே எனத் தமிழ் பயிலும் நண்பர்கள் என்னை மடக்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்பு காவிரிக் கரையோரம் நடந்த பகல்களை எங்கே ஒளித்துவைப்பது? நம் மேடைக் கண்ணகி மட்டும் நிழலிலேயே வளர்ந்தவளாக இருக்க வேண்டுமா?

நான் உயிரியல் மாணவன். தோல் ஏன் கறுக்கிறது என்னும் பாடத்தைத் தேர்வுக்காகத்தான் படித்தேன். படிக்கப் படிக்க அந்தத் தலையசைப்பு என்னை உறுத்திற்று.

நம் மேல்தோலின் அடிவரிசையில் நிறமியணுக்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர், ஆப்பிரிக்கர், நம் சித்தூர்க்காரர் யாரை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும், அதைப் பொதிந்துவைக்கும் சிறு பொதிகளின் பருமனுமே. வெள்ளையருக்கென்று தனியாக ஒரு தோலும் இல்லை. கறுப்பருக்கென்று மட்டமான ஒரு சரக்கும் இல்லை.

வெயிலில் கலந்துவரும் புற ஊதாக் கதிர் தோலணுவின் உள்ளே புகுந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. உடனே பி-53 என்னும் புரதம் விழித்துக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் காயம்பட்ட அணு ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்ற இயக்குநீரை வெளிவிடுகிறது. 2007ஆம் ஆண்டு பாஸ்டனில் டேவிட் ஃபிஷர் என்பவரின் குழு இந்தத் தொடரை விளக்கிக் காட்டிற்று. அண்டையிலுள்ள நிறமியணுவின் மேற்புறத்தில் எம்.சி.1.ஆர் என்றொரு ஏற்பி உண்டு. அடுத்த வீட்டுக்காரர் இடுக்கண் என்று அழைத்தால் கேட்கும் காது அதுதான். இயக்குநீர் அதில் பொருந்தியதும் அணுவுக்குள் வேலை தொடங்குகிறது, மெலனின் உருவாகிறது. உருவான மெலனினை நிறமியணு தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட தோலணுக்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வோர் அணுவிலும் மெலனின் எங்கே போய் அமர்கிறது தெரியுமா? உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கம் பார்த்து, குடையைப்போல.

இதெல்லாம் நடந்து நிறம் கூடச் சில நாள்கள் ஆகும். ஐரோப்பியரில் செந்தலை உடையோர் பலருக்கு இந்த ஏற்பி சரியாக வேலை செய்வதில்லை. வெயிலில் நின்றால் அவர்கள் கறுப்பதில்லை, வெந்து சிவக்கிறார்கள். தோற்புற்றுநோயும் அவர்களை மிகுதியாகப் பற்றுகிறது. நாம் ஏங்கும் அந்த நிறத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை இது.

கண்ணிலுள்ள ஒளியுணர் புரதங்களின் உறவினர்கள் தோலிலும் இருக்கின்றன என்பது மற்றொரு வியப்பு. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எலேனா ஒவான்சியாவின் ஆய்வகம், நிறமியணுக்கள் நீண்ட அலைப் புற ஊதாக் கதிரைத் தாமே உணர்ந்து, சில மணி நேரத்துக்குள் மெலனின் செய்யத் தொடங்குவதைக் கண்டது. அந்த அணுக்களில் மிகுதியாக உள்ள ஆப்சின்-3 என்ற புரதம்தான் ஒளியை உணர்கிறது என்று நினைக்கத் தோன்றும். அதே ஆய்வகம் 2019இல் வேறு விடை சொல்லிற்று. ஆப்சின்-3 ஒளியைப் பார்க்கவே இல்லையாம். அது எம்.சி.1.ஆர் ஏற்பியோடு ஒட்டி நின்று, நிறம் அளவு மீறாமல் கடிவாளம் பிடிக்கிறதாம்! தூண்டுவது ஒன்று, அடக்குவது ஒன்று. இவ்வளவு நுட்பமாக அளந்து செய்யப்படும் ஒன்றைத்தான் நாம் ‘அட்டைக்கரி’ என்று விடுதி வராந்தாவில் கேலி செய்கிறோம்.

நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் வைட்டமின் டி பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். பாஸ்டனைச் சேர்ந்த மைக்கேல் ஹாலிக்கும் உடன் சேர்ந்தார். தோலில் வைட்டமின் டி ஆக மாறும் மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை இதே திருப்பதி வெயிலில் வைத்துப் பார்த்தனர். 11 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் மாற்றம் மிகுதி என்று 2013இல் வெளியிட்டனர். நாம் எந்த நேரத்தில் மின்விசிறியின் கீழ் பதுங்குகிறோமோ, அதே நேரம்! வயலில் உழைக்கும் சிற்றூர் மக்களுக்கு நகரத்தாரைவிட வைட்டமின் டி கூடுதல் என்றும் அவர்கள் கண்டனர். கூடுதல் என்றேனே தவிரப் போதுமானது என்று சொல்லவில்லை. இரு சாராரிடமும் குறை இருந்தது. வெயில் கொழிக்கும் நாட்டில் வெயில் தரும் சத்துக்குப் பஞ்சம்! மெலனின் கதிரைத் தடுப்பதால் நமக்கு வெயில் இன்னும் சற்று நேரம் வேண்டும் என்பது உண்மைதான். நாமோ, கறுத்துவிடுவோம் என்று அந்தச் சற்று நேரத்தையும் சுருக்கிக்கொள்கிறோம். (சித்திரை உச்சி வெயிலில் போய் நிற்கச் சொல்லவில்லை. மயங்கி விழுந்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

என் அம்மா புத்தூர்ப் பக்கம் கடலைக்கொல்லையில் களையெடுப்பவர். விடுமுறைக்கு நான் போனால், “வெயிலில் வராதேடா, கறுத்துப் போவாய்” என்று வரப்போடு திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வெயிலில் கறுத்த கைதான் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டிற்று. அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, “பெண் கொஞ்சம் நிறம் மட்டு” என்று சொல்லிப் போனதும் அதே வீட்டில்தான். அடுத்த வாரம் அக்காள் கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தாள். நானும் திருட்டுத்தனமாக அதை எடுத்துப் பூசிப் பார்த்தேன். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் 1975இல் கடைக்கு வந்த புகழ்பெற்ற சிவப்பழகுக் களிம்பொன்று 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, வாங்குவோர் ஆசை மாறவில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நிறத்துக்காகப் பூசித் தோல் மெலிந்து, பருவெடித்துத் துன்புறுவோர் கதையைத் தோல் மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்.

நம் முன்னோர் இப்படி இருந்தார்களா? சங்கப் பாட்டில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் நிறம் அது. நம் சித்தூர் மாந்தோப்புகளில் பருவத்துக்குப் பருவம் தளிர்க்கிறதே, அந்த நிறம். மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர், அது நோய். வள்ளுவர் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். அன்று வெளிறியதற்காக அழுதார்கள். இன்று வெளிறுவதற்காகக் காசு கொடுக்கிறோம்! திருமலையில் கரிய திருமேனியைக் காண மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஊர் இது. கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியதும் சிவந்த பெண் தேடும் ஊரும் இதுதான்.

இவ்வாண்டு விழாவுக்கும் நாடகம் போடப் போகிறோம். தேர்வுக் குழுவில் என் பெயரும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்: வேடத்துக்கு வருவோர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பேசட்டும், குழு குரலை மட்டும் கேட்டு மதிப்பெண் போடட்டும், அதன்பிறகு திரை விலகட்டும். வழிமொழிய ஒருவர் வேண்டும். சென்ற ஆண்டு பின்வரிசையில் நின்ற அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். “தீர்மானம் நிறைவேறட்டும், பிறகு வருகிறேன்” என்றார்.