டீச்சருக்கு 2 நாள் டிரெய்னிங் கொடுத்தால், பிள்ளை வாசித்துவிடுமா?

டூவீலர் ஓட்டக் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஹாலில் 2 நாள் உட்கார வைத்து, கிளட்ச், கியர், பிரேக் என்று ஸ்லைடு போட்டுக் காட்டி, மதியச் சாப்பாடும் கொடுத்து அனுப்பியிருந்தால் வண்டி ஓட்டியிருப்பீர்களா? அண்ணனோ, மாமாவோ பின்னால் உட்கார்ந்து 'கிளட்சை மெதுவா விடு' என்று சொன்னதால்தான் வண்டி நகர்ந்தது.

ஆனால், 6 வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஹால் பயிற்சிதான். பயிற்சி முடிந்து வகுப்புக்குத் திரும்பிய பிறகு, சொன்னதைச் செய்ய முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இருப்பது அபூர்வம். இது ஆசிரியரின் பிரச்சினை மட்டுமல்ல; வாசிக்கத் தெரியாமலே 5-ம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் பிரச்சினை.

நிலைமை எவ்வளவு மோசம்?

கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆய்வு 'அசர்'. அதன் 2024 அறிக்கைப்படி, இந்திய அளவில் அரசுப் பள்ளிகளில் 3-ம் வகுப்புப் படிப்பவர்களில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். 2022-ல் இது 16.3 சதவீதம். முன்னேற்றம் நிஜம்தான். ஆனாலும், 4 பேரில் 3 பேருக்கு மேல் இன்னும் பின்தங்கியே நிற்கிறார்கள்.

3-ம் வகுப்பு ஏன் முக்கியம்? அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதன் பிறகு வாசித்துத்தான் மற்றதைக் கற்கிறது. அறிவியல், சமூக அறிவியல் மட்டுமல்ல, கணக்குப் பாடத்தில் வரும் கேள்விகூட வாக்கியமாகத்தான் இருக்கிறது. வாசிப்பு வராத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகிறது.

அ, ஆ சொல்லித் தருவது அவ்வளவு கஷ்டமா?

வெளியிலிருந்து பார்த்தால் ஈஸியாகத்தான் தெரியும். தமிழில் 247 எழுத்துகள். ஒரு பிள்ளை 'ப', 'ட', 'ம்' மூன்றையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லும். சேர்த்து 'படம்' என்று வாசிக்கச் சொன்னால் திணறும். எழுத்தை அடையாளம் காண்பது ஒரு திறன். ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குவது இன்னொரு திறன். 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும், 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கும் 'க'வைப் பிடித்துக்கொள்வது அதற்கும் அடுத்த படி.

இதில் இன்னொரு சிக்கல், கோரஸ் வாசிப்பு. டீச்சர் ஒரு வரி வாசிக்க, 30 பிள்ளைகளும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். கேட்பதற்கு வகுப்பே வாசிப்பது போல இருக்கும். உண்மையில் பாதிப் பேர் புத்தகத்தைப் பார்க்காமலே காதால் பிடித்து ஒப்பித்துக்கொண்டிருக்கலாம். வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு இது எளிதில் தெரியாது. பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் இன்னொரு ஜோடிக் கண்களுக்குத் தெரியும். கோச்சிங்கின் அடிப்படையே இதுதான்.

தென்னாப்பிரிக்கா செய்து பார்த்தது

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015-ல் ஒரு பரிசோதனை தொடங்கியது. 230 பள்ளிகள். பிள்ளைகளின் தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்றுத்தருவதுதான் இலக்கு. 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டக் குறிப்பும் வாசிப்புப் புத்தகங்களும் கொடுத்து, வருடத்துக்கு 2 முறை, தலா 2 நாள் பயிற்சி தரப்பட்டது. இன்னொரு 50 பள்ளிகளுக்கும் அதே குறிப்பு, அதே புத்தகங்கள்தான். ஆனால், வாசிப்புக் கற்பித்தலில் தேர்ந்த கோச் ஒருவர் அவ்வப்போது வகுப்புக்கே வந்தார்.

2 வருடம் கழித்து மாணவர்களைச் சோதித்தார்கள். எந்தத் திட்டமும் இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, கோச் வந்த பள்ளிகளின் முன்னேற்றம், ஹால் பயிற்சி மட்டும் பெற்ற பள்ளிகளைப் போல ஏறக்குறைய இருமடங்கு. கோச்சிங்குக்கு ஒரு மாணவருக்கு ஆன செலவு அதிகம்தான். ஆனால், செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தாலும் கோச்சிங்கே முந்தியது.

காரணம் என்ன? பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்துக் கேட்பது கடினமான வேலை. மற்ற குழுக்கள் சத்தம் போடும், நேரம் போதாது. ஹாலில் கேட்கும்போது நல்ல ஐடியாவாகத் தெரிவது, வகுப்பில் 2 நாளில் கைவிடப்படும். கூடவே ஒருவர் நின்று பழக்கினால்தான் அது தங்குகிறது.

கோச் வந்து என்னதான் செய்வார்?

உருப்படியான கோச்சிங் ரொம்ப சிம்பிள். வகுப்பைக் கவனிப்பார். தேவைப்பட்டால் ஒரு 10 நிமிடம் தானே பாடம் எடுத்துக் காட்டுவார். பிறகு ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். குறைகளைப் பட்டியல் போட மாட்டார். 'அடுத்த முறை கோரஸுக்குப் பிறகு, 5 பேரையாவது தனித்தனியா வாசிக்கச் சொல்லிப் பாருங்க டீச்சர்' என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா என்று கேட்பார்.

இதையே வீடியோவிலும் போனிலும் செய்ய முடியாதா? அதையும் தென்னாப்பிரிக்கா பார்த்துவிட்டது. ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு நேரடி கோச், இன்னொரு பிரிவினருக்கு டேப்லெட் வழியாக கோச். 3 வருடம் கழித்துப் பார்த்தபோது, நேரடி கோச்சிங் பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். டேப்லெட் வழியில், பேச்சில் சிறிய பலன். வாசிப்பில் பலன் இல்லை. தாய்மொழி வாசிப்போ பின்தங்கிப் போயிருந்தது. செலவைக் குறைக்க ஆப் ஒன்றை நம்பி இறங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறார்கள், நேரம் இருக்கிறதா?

கரோனா காலக் கற்றல் இழப்புக்குப் பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. மாணவர்களின் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆடல், பாடல், பயிற்சி நூல் என வகுப்பின் முகமே மாறியது. ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சியும் நடக்கிறது.

வகுப்புக்குப் போய் உதவ வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களின் பணியே அதுதான். சொல்லப்போனால் இவர்கள்தான் தமிழ்நாட்டின் கோச்சுகள். ஆனால், புள்ளிவிவரம் திரட்டுவது, திட்டங்களைக் கண்காணிப்பது, கூட்டம், அறிக்கை என்று அவர்கள் தலையில் விழும் வேலைகள் ஏராளம். பள்ளிக்கு வந்தாலும் 'பார்வையிட்டேன்' என்று பதிவு செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது கோச்சிங் அல்ல, இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்‌ஷன் என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் நன்றாக வாசிக்கும் பிள்ளையைத்தான் எழுப்பி நிறுத்துவார். உதவி தேவைப்படும் பிள்ளை பின் வரிசையிலேயே இருந்துவிடும்.

கென்யா இதற்கு ஒரு வழி கண்டது. 2015-ல் தொடங்கிய 'துசோமே' வாசிப்புத் திட்டத்தில், ஏற்கெனவே இருந்த கல்வி அலுவலர்களையே கோச்சுகளாக்கினார்கள். கையில் டேப்லெட் கொடுத்தார்கள். வகுப்பைக் கவனித்துப் பதிவு செய்ததன் அடிப்படையில் பயணச் செலவைக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு துறையை உருவாக்காமலே, நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குள் கோச் வந்தார்.

அப்போ எல்லாம் சரியாகிவிடுமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கோச்சிங் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பலன் உண்டு என்றது. கூடவே, திட்டம் பெரிதாகும்போது பலன் குறைகிறது என்றும் எச்சரித்தது. நல்ல கோச் ஆயிரக்கணக்கில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒருவர் தலையில் அளவுக்கு மீறிப் பள்ளிகளைக் கட்டினால், வருகை வெறும் கையெழுத்தாகிவிடும்.

அதனால், செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஆசிரியர் பயிற்றுநர்களைப் புள்ளிவிவர வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனை பள்ளிகள் என்று வரம்பு வைக்க வேண்டும். 1, 2-ம் வகுப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும். வகுப்பில் பார்த்த குறை ஆசிரியருக்கும் கோச்சுக்கும் இடையிலேயே இருக்கும், மேலதிகாரிக்குப் புகாராகப் போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும்.

தேசிய கல்விக் கொள்கை 2020, ஒவ்வொரு ஆசிரியருக்கும் வருடத்துக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த 50 மணி நேரமும் ஹாலிலும் ஆன்லைன் வீடியோவிலும் தீர்ந்துவிட்டால், சான்றிதழ்தான் மிஞ்சும். அதில் 10 மணி நேரமாவது ஆசிரியரின் சொந்த வகுப்பில், அவருடைய பிள்ளைகள் முன்னிலையில் நடக்கட்டும். பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, பயிற்சிக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் 'படம்' என்று சேர்த்து வாசித்தார்கள் என்று எண்ணத் தொடங்கலாம்.