ஐம்பது வயதும் இருபது அங்குலச் சக்கரமும்

1982-இல் 'ஈ.டி.' படம் வந்தபோது, நிலாவின் குறுக்கே ஒரு சைக்கிள் பறந்து போகும் காட்சியை உலகமே வாய் பிளந்து பார்த்தது. அந்தப் படத்தில் துரத்தி வந்தவர்களுக்குச் சிறுவர்கள் தண்ணீர் காட்டியது குவஹாரா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிஎம்எக்ஸ் சைக்கிள்களில். சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், மாட்டுக்கொம்பு போல நிமிர்ந்த ஹேண்டில்பார். படம் பார்த்த கையோடு அப்பாவை நச்சரித்து அப்படி ஒரு சைக்கிளை வாங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் பையன்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து, கையில் கொஞ்சம் நேரமும் காசும் சேர்ந்த பிறகு, அவர்களில் பலர் அதே சைக்கிளில் மறுபடியும் ஏறுகிறார்கள். அரை மணி நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே இறங்குகிறார்கள்.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த வலியில் பெரும்பங்கு ஹேண்டில்பாருடையது. அதைச் சரிசெய்ய ஓர் அலன் கீ செட்டும் சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகளும் போதும்.

மற்ற சைக்கிள்களைவிட இதில் ஹேண்டில்பாருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சாதாரண சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்ளும். பிஎம்எக்ஸில் சீட் பெயருக்குத்தான்; பெடலில் நின்றபடியே ஓட்ட வேண்டும். அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் கிடையாது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டிலிருந்து குதித்தாலும் அந்த அடி இரண்டு பாதங்களிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து விழும். பதினைந்து வயது உடம்பு அதை விழுங்கிவிடும். ஐம்பது வயது மணிக்கட்டு விழுங்காது.

உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டைத் தொட்டுப் பாருங்கள். அதன் அடியில் அல்நார் நரம்பு ஓடுகிறது. அங்கே அழுத்தம் தொடர்ந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். மருத்துவ நூல்களில் இதற்கு 'ஹேண்டில்பார் பால்சி' என்றே பெயர் இருக்கிறது. மரப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் அது வேறு நரம்பு: மீடியன். மணிக்கட்டு பின்பக்கம் மடங்கியே இருந்தால் அந்த நரம்பு போகும் குறுகலான பாதையில் அழுத்தம் கூடும். எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தாலே சைக்கிளில் எதைத் தொட வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும். சைக்கிளை விட்டு இறங்கி நாள்கணக்கான பிறகும் மரப்பு போகவில்லை, பிடி தளர்கிறது என்றால், அலன் கீயை வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

முதலில் உயரம். பாரின் நடுப்பகுதியிலிருந்து கைப்பிடி எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதை 'ரைஸ்' என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் 8 அங்குல ரைஸ் சர்வசாதாரணம். இன்று 9 முதல் 10 அங்குலம் வரை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கவும், சைக்கிளோடு எகிறவும் உயரமான பார் தோதாக இருந்ததால் இளைஞர்களே அதைக் கேட்டு வாங்கினார்கள். அதுவே மோஸ்தரும் ஆனது. முதுகு வளையாமல் நிற்க விரும்பும் ஐம்பது வயதுக்காரருக்குத் தேவையான பொருளும் அதுதான். பையன்கள் தங்களுக்காக உருவாக்கிய சந்தை இது. அதில் பெரியவர்கள் கூச்சமில்லாமல் புகுந்து வாங்கலாம்.

புதிய பார் வாங்குமுன் இருப்பதை உயர்த்த முடியுமா என்று பார்ப்பது நல்லது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டையும் பாரையும் இணைக்கும் ஸ்டெம் இரண்டு வகை. பாரை முன்பக்கம் பிடிக்கும் 'ஃப்ரண்ட் லோட்', மேலே வைத்துப் பிடிக்கும் 'டாப் லோட்'. முன்னதைக் கழற்றிவிட்டுப் பின்னதைப் பொருத்தினாலே ஓர் அங்குலம் வரை உயரம் கிடைக்கும். ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையங்களைச் சேர்ப்பது இன்னொரு வழி. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: ஃபோர்க் தண்டு ஸ்டெம்முக்குள் கிட்டத்தட்ட முழுசாக நிறைந்திருக்க வேண்டும், மேல்விளிம்பில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கலாம். உயரத்துக்கு ஆசைப்பட்டு ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போனால், குதித்து இறங்கும் நேரத்தில் பார் கையோடு வந்துவிடும்.

அதற்காக உயரம் ஏற ஏற நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தோள்பட்டை காதைத் தொடும் அளவுக்கு ஏறினால் முதுகுவலி போய்க் கழுத்துவலி வரும்.

இனி கோணம். பலரும் தவறு செய்யும் இடம் இது. கை எட்டவில்லை, முதுகு இழுக்கிறது என்றதும் பாரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, அதை மார்பை நோக்கிச் சாய்த்து முறுக்கிவிடுகிறார்கள். எட்டுவது என்னவோ எட்டும். ஆனால் கைப்பிடியின் நுனி கீழ்நோக்கித் தொங்கிவிடும், மணிக்கட்டு அதன் இயல்பான கோட்டை விட்டு வளையும், திரும்பும்போது முட்டியில் இடிக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாரின் நிமிர்ந்த தண்டுகள் ஃபோர்க்கின் சாய்வோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து தொடங்கி நூலளவு நூலளவாக நகர்த்திப் பார்க்கலாம். எட்டாத குறைக்கு மருந்து நீளம் குறைந்த ஸ்டெம். பிஎம்எக்ஸ் ஸ்டெம்கள் பெரும்பாலும் 48 முதல் 53 மில்லிமீட்டர் வரை முன்னால் நீளும். சில மில்லிமீட்டர் குறைந்தாலே தோள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கைப்பிடிகள் பின்னோக்கி வளைந்திருப்பதற்கு 'பேக்ஸ்வீப்' என்று பெயர். இதைப் புரிந்துகொள்ள சைக்கிள்கூட வேண்டாம். இரண்டு பேனாக்களைக் கைக்கொன்றாக இறுகப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்க, கைகளை முன்னால் நீட்டிப் பாருங்கள். பேனாக்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. வெளிநுனிகள் உடம்பை நோக்கித் திரும்பியிருக்கும். கை பிறந்ததிலிருந்து பிடிக்கும் விதம் அது. பிஎம்எக்ஸ் பார்களில் இந்தச் சாய்வு பெரும்பாலும் 10 முதல் 12 டிகிரி. பேனாக்கள் அதைவிட அதிகமாகத் திரும்பி நின்றால், அடுத்த பார் வாங்கும்போது கூடுதல் சாய்வுள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர்கள் நிறத்தையும் எடையையும் சொல்லும் உற்சாகத்தோடு இந்த டிகிரியைச் சொல்வதில்லை. சொல்ல வைப்பது வாங்குகிறவரின் உரிமை.

அகலத்தில் அவசரம் கூடவே கூடாது. இன்றைய பார்கள் 28 முதல் 30 அங்குல அகலத்தில் வருகின்றன. இறுகிப்போன தோளுக்கு 30 அங்குலம் அதிகம்தான். உடனே ஹேக்சா பிளேடை எடுக்கிறார்கள். வெட்டிய குழாயை ஒட்ட முடியாது. கிரிப்பையும் பிரேக் லீவரையும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வெட்டலாம். வெட்டிய வாயை அரம் போட்டு மழுக்கி, அடைப்பான் கட்டாயம் போட வேண்டும். விழும்போது திறந்த குழாய் வயிற்றில் இறங்கினால் கல்லீரல், கணையம் வரை காயம் போகும். கிரிப்பைத் திரும்ப ஏற்றுவதற்கு பிஎம்எக்ஸ்காரர்கள் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைப் பயன்படுத்துகிறார்கள். ஈரமாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. 1980-களின் சைக்கிள் என்றால் அன்றைய பார், அன்றைய கிரிப், அன்றைய ஸ்டிக்கர் இருந்தால்தான் மதிப்பு என்பது அவர்கள் வாதம். காட்சிக்கு வைக்கும் சைக்கிளுக்கு அது நியாயமே. ஓட்டும் சைக்கிளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஏனென்றால் இந்த விளையாட்டே இருப்பதை மாற்றியமைத்ததில் பிறந்தது. ஷ்வின் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த ஸ்டிங்-ரே சைக்கிளை, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மயங்கிய தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் மண்மேட்டில் ஓட்டத் தோதாக மாற்றினார்கள். 1970-இல் லாங் பீச்சில் பந்தயம் நடத்தத் தொடங்கிய ஸ்காட் பிரைட்ஹாப்ட் அப்போது பள்ளிச் சிறுவன். அவரே 1977-இல் எஸ்.இ. ரேசிங் நிறுவனத்தைத் தொடங்கினார். எஸ்.இ. பெயரில் இன்று 26, 29 அங்குலச் சக்கரம் கொண்ட பிஎம்எக்ஸ் சைக்கிள்கள் விற்கின்றன, வளர்ந்த உடம்புக்காக. சக்கரமே வளர்ந்துவிட்ட பிறகு ஹேண்டில்பார் வளரக் கூடாதா?

கன்சாஸ் சிட்டிக்காரரான பிஎம்எக்ஸ் வீரர் டென்னிஸ் மெக்காய் 1966-இல் பிறந்தவர். 1995-இல் நடந்த முதல் எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டவர், ஐம்பதைக் கடந்த பிறகும் அதே போட்டியின் செங்குத்துச் சரிவில், தன்னைவிட மிக இளையவர்களோடு ஏறி இறங்கினார். எல்லோரும் மெக்காய் ஆக வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போய் வலியில்லாமல் தட்டச்சு செய்ய முடிந்தால் போதும்.

வேலையைத் தொடங்குமுன் பார் இப்போது இருக்கும் நிலையை ஸ்டெம் ஓரமாக ஒரு டேப் துண்டு ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. ஸ்டெம்மைக் கழற்றியிருந்தால், மேல்மூடி போல்ட்டை முறுக்கி ஃபோர்க்கின் ஆட்டம் நிற்கச் செய்துவிட்டுத்தான் தண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பாரைப் பிடிக்கும் நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாக. நான்கு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கடைசியாக முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பாரைப் பலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால், தெருமுனை வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வரலாம். திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சுண்டுவிரலையும் மோதிரவிரலையும்.