$500 எப்படி 00 ஆகும்?

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1906-ல் வெள்ளையருக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவருக்குப் பொருத்தமான மரியாதைதான். வாசலில் பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபம். ஆனால் ஒரு துறைமுகத்தின் பெயர் பில், ரசீது, ஏற்றுமதி ஆவணம் என எத்தனையோ கோப்புகளில் உட்கார்ந்திருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த முடியுமா?

இதற்கென்றே கணினியில் ஒரு கருவி இருக்கிறது. பெயர் ‘செட்’. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் உருவாக்கியது. மவுஸ் வேண்டாம், கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். அந்த வரியில் பழைய சொல், புதிய சொல் இரண்டையும் சாய்கோட்டால் பிரித்துக் கொடுக்க வேண்டும்: /பழையது/புதியது/. ஆயிரம் கோப்புகளானாலும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடும்.

வேகம் இருக்கிறது; விவேகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதல் சிக்கல், சாய்கோடு. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாள் 11/07/1974. இந்தத் தேதியைத் தேடச் சொன்னால் கருவி குழம்பும். எது தேதியின் கோடு, எது பிரிக்கும் கோடு என்று அதற்குத் தெரியாது. வழி எளிது: பிரிக்கும் குறியையே மாற்றிவிடலாம். |11/07/1974|11-07-1974| என்று கொடுத்தால் சண்டை தீர்ந்தது.

இரண்டாவது, புள்ளி. தேடும் சொல்லில் வரும் புள்ளிக்கு ‘இங்கே எந்த எழுத்தும் இருக்கலாம்’ என்று அர்த்தம். ஒரு பொருளின் விலை 45.50-லிருந்து 48.00 ஆகிறது என்று வையுங்கள். அப்படியே கொடுத்தால், அதே கோப்பில் இருக்கும் 45250 ரூபாய் பில்லும் 48.00 ஆகிவிடும்! புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு 45\.50 என்று எழுதினால்தான் அது வெறும் புள்ளி.

மூன்றாவது, & குறி. ‘முத்து ஸ்டோர்ஸ்’ என்ற கடை ‘முத்து & சன்ஸ்’ ஆகிறது. புதிய சொல்லில் & வந்தால், ‘பழையதை இங்கே வை’ என்று கருவி புரிந்துகொள்ளும். விளைவு: ‘முத்து முத்து ஸ்டோர்ஸ் சன்ஸ்’. இதற்கும் அதே பின்சாய்கோடுதான் மருந்து: \&.

நான்காவதுதான் பணத்தில் கை வைப்பது. கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, புதிய தொகையாக $500 என்று கொடுத்தால், கருவிக்குப் போகும் முன்பே கட்டளைத் திரை குறுக்கிடும். $5 என்பதை ஏதோ ஒரு மதிப்பின் பெயர் என்று நினைத்துத் தேடும், கிடைக்காது, அந்த இடத்தைக் காலியாக்கிவிடும். மிஞ்சுவது 00. ஏற்றுமதி பில்லில் இப்படி நடந்தால் என்ன ஆகும்! ஒற்றை மேற்கோளோ வாய் மூடிய சிப்பி மாதிரி. உள்ளே இருப்பதை யாரும் தொட முடியாது.

எல்லாவற்றையும் சரியாக எழுதினாலும் இன்னொரு ஆபத்து உண்டு. மின்னஞ்சல் முகவரிக்குள் இருக்கும் பழைய ஊர்ப்பெயரும் சேர்ந்து மாறினால், கடிதம் போய்ச் சேராது. கருவிக்கு முகவரியும் ஒன்று, வாக்கியமும் ஒன்று.

அதனால் முதலில் மாற்றத்தைத் திரையில் மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். செட் இயல்பாகவே அப்படித்தான் செய்யும். கோப்பில் எழுதச் சொன்னால்தான் எழுதும். எழுதும்போதும் பழைய கோப்புக்கு ஒரு நகல் வைக்கச் சொல்லுங்கள்.

நகல் எதற்கு என்கிறீர்களா? 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. தூத்துக்குடியும் அதில் உண்டு. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவசரமாக எல்லாவற்றையும் மாற்றியவர் யாராவது இருந்திருந்தால், அவரைக் காப்பாற்றியிருப்பது அந்தப் பழைய நகல் ஒன்றுதான்.