இரும்பு ஆணி இல்லாத விமான மேடை

வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கியதும் தொலைக்காட்சிப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கி வைக்காத வீடு நம் தோட்டங்களில் உண்டா? மின்னல் நம் கூரையிலேயே விழவேண்டும் என்பதில்லை. தூரத்தில், பால்மரக் காட்டுக்குள் எங்கோ விழுந்தாலும் போதும். ஏரியல் கம்பி வழியாக ஓர் உதை வந்து பெட்டியைக் கெடுத்துவிடும். வானொலி கரகரப்பதும் அதே காரணத்தால்தான். (நம் நாட்டுத் தமிழ் வானொலிக்கே மின்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது வேறு கதை!) ஓரிடத்தில் மின்சாரம் திடீரென்று பாய்ந்தால் அதன் அதிர்ச்சியைத் தொலைவிலுள்ள கம்பிகள் வாங்கிக்கொள்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை நான் சொல்லப்போவது இராணுவக்காரர்கள் செய்த ஒரு விசித்திரமான சோதனையைப் பற்றி.

1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள், ஹவாயித் தீவுகளில் இரவு 11 மணி. அமெரிக்கர்கள் பசிபிக் கடலிலுள்ள ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தார்கள். 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அந்தச் சோதனையின் பெயர். ஹவாயிக்கும் அந்த இடத்துக்கும் தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பேங்காக்குக்கு விமானம் பறக்கும் தூரத்தைவிட அதிகம். அங்கிருந்தவர்களுக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை. வானம் மட்டும் பல நிறத்தில் ஒளிர்ந்தது. ஆனால் ஹொனலூலு நகரம் இருக்கும் ஓவாஹு தீவில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்துபோயின. திருடனே வராமல் கடைகளில் திருட்டு மணிகள் அலறின.

காரணம் இதுதான். குண்டிலிருந்து கிளம்பும் காமாக் கதிர்கள் கீழே இறங்கிக் காற்றில் மோதி எலக்ட்ரான்களைச் சிதறடிக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் பூமியின் காந்த சக்தியால் வளைந்து ஓடும்போது மாபெரும் வானொலி அலை ஒன்று பிறக்கிறது. இதை மின்காந்தத் துடிப்பு என்கிறார்கள். மின்னலைவிடப் பல மடங்கு வேகமானது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக வெட்டினால், அதில் சில கூறுகளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். மின்னலுக்காகப் பொருத்திய காப்பு விழித்துக்கொள்ளும் முன்னே இது உள்ளே புகுந்திருக்கும். மனிதனை ஒன்றும் செய்யாது. அவன் நம்பியிருக்கும் கருவியைத்தான் கொல்லும்.

பழைய வால்வு ரேடியோக்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். அவை இந்த உதையை ஓரளவு தாங்கும். பிறகு வந்த டிரான்சிஸ்டரும் அதற்குப் பின் வந்த நுண்சில்லும் தாங்கா. 1976இல் சோவியத் விமானி பெலென்கோ தமது மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹக்கோடாத்தேயில் வந்து இறங்கியபோது, அதற்குள் வால்வுகள் இருப்பதைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. துடிப்புக்குப் பயந்துதான் வால்வு வைத்தார்கள் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வால்வு தாங்கும் என்பது உண்மை.

போர் விமானங்கள் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1963இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி வானிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் அணுகுண்டு வெடிக்கக்கூடாது. குண்டு இல்லாமல் குண்டின் துடிப்பு மட்டும் வேண்டும். இதற்குத்தான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரையொட்டிய கர்ட்லாண்டு விமானப்படைத் தளத்தில் ஒரு மேடை கட்டினார்கள். 'டிரெசில்' என்று பெயர். இரயில் பாதையில் பள்ளத்தைக் கடக்க மரக்கால்கள் நட்டுக் கட்டும் பாலத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு.

இந்த மேடையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். ஏறத்தாழ 12 மாடி உயரம். பி-52 போன்ற, 250 டன் எடையுள்ள விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதன்மேல் நிறுத்தலாம். அவ்வளவு பெரிய மேடை மரத்தால் ஆனது! பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த உத்திரங்கள். அவற்றைப் பிணைக்க மரத்தாலும் கண்ணாடியிழையாலும் செய்த திருகாணிகள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் என்று கணக்கிட்டால் 65 லட்சம் பலகைகளுக்குரிய மரம் செலவாயிற்று. 1970களில் தொடங்கிய வேலை 1980இல் முடிந்தது.

ஏன் மரம்? பறக்கும் விமானத்துக்குக் கீழே வெறும் காற்றுத்தான் இருக்கிறது. இரும்பு மேடையில் நிறுத்தினால் அந்த இரும்பே துடிப்பை வாங்கித் திருப்பியடித்து அளவையெல்லாம் பொய்யாக்கிவிடும். மரமோ, மின்சாரத்தின் கண்ணுக்கு அங்கே இல்லாத மாதிரி.

துடிப்பை உண்டாக்க, எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் 1924இல் சொன்ன முறை. பல மின்தேக்கிகளைப் பக்கம் பக்கமாக வைத்து மெல்ல நிரப்புவார்கள். பிறகு டார்ச் லைட்டில் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோமே, அதைப்போல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அவற்றைத் தொடராக்கிவிடுவார்கள். எல்லாவற்றின் அழுத்தமும் கூடிக்கொள்ளும். டிரெசிலில் இப்படி இரண்டு யந்திரங்கள், ஒவ்வொன்றும் 50 லட்சம் வோல்ட்.

சரி, விமானத்தில் எதைத் தேடினார்கள்? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியை இரும்பு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, இன்னொரு பேசியிலிருந்து அழையுங்கள். பல வேளைகளில் மணி அடிக்கும். டின் முழுக்க இரும்புதான். ஆனால் மூடிக்கும் டின்னுக்கும் இடையே மயிரிழைச் சந்து இருக்கிறது, வர்ணப் பூச்சும் இருக்கிறது. அலை நுழைய அது போதும். விமானமும் பெரிய டின்தான். கதவின் விளிம்பு, கண்ணாடி, ஏரியல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு வாசல். எந்த வாசல் வழியாக எவ்வளவு மின்சாரம் உள்ளே வருகிறது என்று கம்பி கம்பியாக அளப்பதே அந்தச் சோதனையின் வேலை.

பனிப்போர் ஓய்ந்தபின், 1991இல் டிரெசிலின் வேலை நின்றது. மேடையைப் பிரிக்காமல் பாலைவன வெயிலில் அப்படியே விட்டுவிட்டார்கள். கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது மலிவாகிவிட்டது. ஆனாலும் கணக்கை மட்டும் நம்புவதில்லை. தனித்தனிக் கருவிகளை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து, மீட்டருக்கு 50,000 வோல்ட் என்ற கணக்கில் இன்றும் சோதிக்கிறார்கள்.

விமானத்துக்கும் ஏவுகணைக்கும் இத்தனை பாடு. நோயாளி படுத்திருக்கும் மருத்துவமனைக்கும், தண்ணீர் ஏற்றும் பம்பு வீட்டுக்கும் யாராவது இப்படி மேடை கட்டினார்களா? எனக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை தேறிய விமானம் என்றைக்கும் தேறியதாகாது. மூடியின் ஓரத்தில் துரு பிடிக்கும். பழுது பார்த்தவர் ஒரு திருகாணியைச் சரியாக முறுக்காமல் விட்டிருப்பார். வர்ணம் அடிப்பவர் உலோகம் உலோகத்தைத் தொடவேண்டிய இடத்திலும் அடித்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விமானம் நன்றாகவே பறக்கும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவியோடு போய், அந்த மூடிகளையும் விளிம்புகளையும் மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டு அளக்கிறார்கள்.