பரண்மேல் இருக்கும் பாட்டுப் பெட்டி



வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில் ஒரு தாய் நம்மிடம் ஓர் ஒலிநாடாவைக் காட்டினார். மறைந்த கணவர் பிள்ளைகளோடு பாடியது. கேட்பதற்குத்தான் கருவி இல்லை. பரண்மேல் ஆம்பிளிபயரும் இரு ஒலிபெருக்கிகளும் தூசி படிந்து கிடந்தன. மகனோ பல்லாயிரம் ரூபாய்க்குப் புதிய இசைக்கருவி வாங்க எண்ணியிருந்தார். முதலில் பரணை இறக்கிப் பாரும் என்றோம். அவை பாடின!

இனி வாங்கவேண்டியது ராஸ்பெர்ரி பை எனும் உள்ளங்கையளவுக் கணினி. மாணவர் கணினிக்கலை பயில்வதற்கென இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012-இல் விற்பனைக்கு வந்தது. இதன் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் ஆம்பிளிபயருக்குக் கம்பி இணைக்கும் ஒலித்துளை உண்டு. 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இல்லை. புதியதே நல்லதென்று அதை வாங்குவோர், ஒலிக்கெனத் தனியாக டிஏசி எனும் சிறு தகட்டையும் வாங்க நேரிடும். பைகோர்ப்ளேயர் என்னும் இலவச மென்பொருளை நினைவக அட்டையில் பதித்துச் செருகினால், வீட்டு வைஃபை வழியே கைப்பேசியிலிருந்தே பாடலைத் தெரிவு செய்யலாம்.

பாடல்களுக்கு எங்கே போவது? மாதச் சந்தா எளிதுதான். ஆனால் உரிமம் முடிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று இராது. ஸ்குவீஸ்பாக்ஸ் எனும் இசைக்கருவியின் தயாரிப்பு 2012-இல் நின்றது. நிறுவனத்தின் இணையச் சேவையும் 2024-இல் மூடப்பட்டது. எனினும் அதன் திறந்த மென்பொருளை ஆர்வலர்கள் லிரியன் என்ற பெயரில் பேணி வருவதால், வீட்டிலேயே பாடல்களைச் சேமித்தோரின் கருவிகள் இன்றும் இசைக்கின்றன. ஆகவே அலமாரியிலுள்ள குறுந்தட்டுகளைக் கணினியில் பிளாக் வடிவில் படியெடுங்கள். ஒலித்தரம் சிறிதும் குறையாது. அளவோ ஏறத்தாழப் பாதியாகும். நூறு தட்டுகள் 64 ஜிபி பென் டிரைவில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்த ஒலிநாடாவிற்கு வருவோம். அயலாரிடம் இரவல் பெற்ற டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டிற்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி எனும் இலவச மென்பொருள், இவ்வளவே தேவைப்பட்டது. அறுபது நிமிட நாடாவைப் படியெடுக்க அறுபது நிமிடம் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை. பழைய நாடா அறுந்துபோகலாம் என்பதால் முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிடச் சொன்னோம். இரு படிகள் எடுத்து, ஒன்றை மகளின் வீட்டில் வைத்திருக்கிறார்கள். பாட்டின் நடுவே தந்தை இருமும் ஒலியை வெட்டிவிடலாமா என்று மகன் கேட்டாராம். தாய் இசையவில்லை.