சந்தாவை நிறுத்த வேண்டாம், மாப்பிள்ளை



போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சின்ன சண்டை உங்களில் பலருக்குத் தெரியும். மிச்சிகனில் இருக்கும் என் மாப்பிள்ளை, தான் வாங்கும் ஃப்ளை ஃபிஷிங் பத்திரிகையின் சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டார். அங்கேயே வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "காசைக் கரியாக்காதீங்க அண்ணா, எல்லாம் யூடியூப்ல சும்மாவே கிடைக்குது. பத்திரிகையில பாதி விளம்பரம், மீதி போன வருஷம் வந்ததே திரும்ப வருது" என்று எழுதினான். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கடைசியில் "டீச்சர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டான். சொல்கிறேன். சந்தா கட்டத்தான் வேண்டும். ஏன் என்று பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஒரு மீனும் பிடித்ததில்லை. ஆனால் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது, மாப்பிள்ளை ஃப்ளை கட்டும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களை எல்லாம் படித்து முடித்தேன். தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரணத் தூண்டிலில் புழுவும் ஈயக்குண்டும் கனம் தரும்; அந்தக் கனத்தை வீசுகிறோம். இதில் வீசுவது கயிற்றின் கனத்தை. நுனியில் இருப்பது வெறும் இறகும் நூலும் சுற்றிய ஒரு முள். தண்ணீரில் இருக்கும் பூச்சிபோல அதைக் கட்ட வேண்டும். ட்ரவுட் மீன் அதைப் பூச்சி என்று நம்ப வேண்டும். ஒரு சின்ன வைஸில் முள்ளைப் பிடித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மணிக்கணக்கில் கட்டுவார்.

அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்கு நம் கோலப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரி போட்டிருக்கும். அந்த ஒரு வரி போதும், வாசலில் கோலம் வந்துவிடும். ஃப்ளைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே என்பவர் கட்டிய 'ஆடம்ஸ்' என்ற ஃப்ளை இன்றும் உலகம் முழுக்கப் பிரபலம். அதன் குறிப்பு இவ்வளவுதான்: முள் 14, உடலுக்குச் சாம்பல் ரோமம், இறக்கைக்குக் கறுப்பு வெள்ளை வரிக்கோழி இறகின் நுனி, சுற்றுக்கு அதே இறகும் பழுப்பு இறகும் சேர்த்து. எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பது தெரிந்தால் போதும். அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் கட்டலாம்.

இனி மாணவனின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, யூடியூப். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விரல் எப்படித் திரும்புகிறது என்பதைக் காட்ட வீடியோவுக்கு ஈடில்லை. கடைசியில் போடும் 'விப் ஃபினிஷ்' முடிச்சைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. வீடியோவில் ஒரு நிமிடத்தில் புரிந்தது. ஆனால் வீடியோவைத் தேட உனக்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொள்பவனுக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதே! முதல் வருடம் மாப்பிள்ளை அழகழகாக ஃப்ளை கட்டிக்கொண்டு ஜூன் கடைசியில் பகல் முழுக்க ஆற்றில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்த ஊரில் 'ஹெக்ஸ்' என்ற பெரிய பூச்சி ஆற்றடிச் சேற்றில் புழுவாக வளர்ந்து, அந்த நாட்களில் இருட்டிய பிறகுதான் கூட்டமாக மேலே வருமாம். பெரிய மீன்கள் அதற்காகக் காத்திருக்குமாம். எந்த மாதம், எந்த நேரம், எப்படிப்பட்ட ஆற்றடி, எந்த அளவு முள் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கோத்துச் சொன்னது பத்திரிகைதான். அவர் அதைத் தேடவில்லை, அதுவே தபாலில் வந்தது. கேட்டதைக் கொடுப்பது கடை. கேட்கத் தெரியாததையும் சொல்லித் தருவதற்குப் பெயர்தான் வகுப்பு.

இரண்டாவது, "திரும்பத் திரும்ப வருகிறது." இதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது. நான் வருடா வருடம் அதே வாய்ப்பாட்டைத்தான் நடத்தினேன். பூச்சி வருடா வருடம் அதே மாதத்தில் வரும்போது கட்டுரையும் வரத்தான் செய்யும். ஆனால் இரண்டாம் வருடம் படிப்பவர் முதல் வருடம் படித்தவர் அல்ல. இடையில் ஒரு பருவம் ஆற்றில் நின்றவர்.

மூன்றாவது, விளம்பரம். உண்மைதான். கழியும் ரீலும் விற்கும் பக்கங்கள், அலாஸ்காவுக்கு வா என்று அழைக்கும் பக்கங்கள், மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஆண்கள். புரட்டிவிட்டுப் போங்கள். வீடியோவில் மட்டும் விளம்பரம் இல்லையா என்ன?

என் முக்கியமான வாதம் வேறு. பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். தப்பாகப் போட்டால் கடிதம் எழுதிக் கேட்கலாம். அவர் பதில் சொல்ல வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை. சால்மன் மீனுக்கான பழைய ஃப்ளை குறிப்புகளில் அரிய பறவைகளின் இறகுகள் கேட்கப்பட்டிருக்கும். அதில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியும் உண்டு. சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல மின்னும் புள்ளியை ஃப்ளைக்குக் கண்ணாக வைப்பார்கள். அதற்காகவே நம் காட்டிலிருந்து ஏராளமான தோல்கள் கப்பலேறின. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அந்தப் பறவையைக் காக்கிறது. வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகும், அதைப்போலச் செய்த மாற்று இறகும் கிடைக்கின்றன. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் ஓர் இசைக் கல்லூரி மாணவர் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். இந்த ஃப்ளை மோகம்தான் காரணம். ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. பழைய குறிப்பை அப்படியே கொடுப்பது யாராலும் முடியும். "இதற்குப் பதில் இதை வை" என்று பொறுப்போடு சொல்ல ஒருவர் வேண்டும். சந்தா அவருக்கான சம்பளம்.

இந்தக் கலை பரவியதிலேயே பத்திரிகைக்குப் பங்குண்டு. நியூயார்க் மாநில மலையாற்றங்கரையில் வாழ்ந்த தியோடர் கார்டனுக்கு 1890இல் இங்கிலாந்திலிருந்து ஹால்ஃபோர்ட் தன் ஃப்ளைகளை அனுப்பினார். இங்கிலாந்தின் ஆறு அமைதியானது, இவருடையது வேகமானது; பூச்சியும் வேறு. கார்டன் அவற்றைத் தன் ஆற்றுக்கு ஏற்ப மாற்றிக் கட்டினார். கண்டதை லண்டனின் 'ஃபிஷிங் கெஜட்'டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். தனியே இருந்த அந்த மனிதருக்குப் பத்திரிகைதான் வகுப்பறையும் நண்பர் கூட்டமும்.

அதற்காக எல்லோரும் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை ஆற்றுக்குப் போகிறவருக்குத் தேவையில்லை. முதலில் அந்த ஊர் நூலகத்தில் இரண்டு இதழ் படித்துப் பாருங்கள். ஃப்ளைக்கு முழுக் குறிப்பு இருக்கிறதா, மீனைக் காயமின்றித் திரும்ப விடுவது எப்படி என்று இருக்கிறதா, வாசகர் கடிதம் போடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் கட்டுங்கள். ஒன்று போதும், இரண்டு பத்திரிகை வேண்டாம். தரமான ஒரு சேவல் கழுத்துத் தோலின் விலையே ஒரு வருடச் சந்தாவைவிட அதிகம். அதை யோசிக்காமல் வாங்குகிறார், இதற்கு மட்டும் ஓட்டெடுப்பு!

'அமெரிக்கன் ஆங்லர்' என்ற பத்திரிகை 2020இல் நின்றுபோனது. நின்ற பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. சும்மா கிடைக்கிறது என்று நாம் கைவிட்டவை நம் ஊரிலும் எத்தனையோ.

மாப்பிள்ளை, நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். இந்த வருடச் சந்தா என் பென்ஷனிலிருந்து. மறுக்கக் கூடாது. படித்து முடித்த இதழ்களை எதிர்க்கட்சிக்காரனுக்குக் கொடுங்கள். டேய், உனக்குத்தான்! அடுத்த முறை வரும்போது கேள்வி கேட்பேன், படித்துவிட்டு வா.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்