கல்பாசிக்கும் ஓர் அரச மரியாதை



நம் தமிழ்நாட்டிற்குரிய சின்னங்கள் எவை என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், மரம் பனை, மலர் செங்காந்தள், விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா என்று தடையின்றி ஒப்புவிப்பார்கள். 2019-ஆம் ஆண்டில் ‘தமிழ் மறவன்’ என்னும் வண்ணத்துப்பூச்சியும் அவ்வரிசையில் சேர்ந்தது. பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறமாய்ப் படர்ந்து கிடக்கும் லைக்கனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அதற்கும் இடம் அளிக்கலாம் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்க மாநிலங்களுள் இதில் முந்திக்கொண்டது கலிபோர்னியா. கடற்கரையை அடுத்த ஓக் மரக் கிளைகளில் பின்னல் வலைபோலத் தொங்கும் ஒரு லைக்கனை அங்குள்ள லைக்கன் கழகத்தார் முன்மொழிந்தனர். 2015-இல் சட்டமன்றம் அதனை ஏற்க, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒப்பமிட்டார். 2016 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. (இந்த பிரவுன் இளமையில் சேசு சபையின் நவசந்நியாசத்தில் சில ஆண்டுகள் இருந்தவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகலாம்.) மான்கள் அதனை மேயும், பறவைகள் கூடு கட்ட எடுத்துச் செல்லும். ஆனால் அது சமையற்கட்டுச் சரக்கு அன்று. நம் நிலைமை வேறு.

லைக்கன் என்பது தனிச் செடி அன்று. பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனம் அது. பூஞ்சை உறைவிடமும் ஈரமும் கொடுக்கும். பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும். சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் ஷ்வெண்டனர் 1860-களின் இறுதியில் இதனை எடுத்துரைத்தபோது, அத்துறை அறிஞர் பலர் நகைத்தனர். லைக்கனுக்கு வேர் இல்லை. வேண்டியவற்றையெல்லாம் பெரும்பாலும் காற்றினின்றும் மழைநீரினின்றுமே பெறுகிறது. ஆகவே காற்று கெட்டால் முதலில் மடிவனவற்றுள் இதுவும் ஒன்று. கந்தகப் புகையை இதனால் தாங்க இயலாது. 1866-இல் நைலாண்டர் என்பார் பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் வளர்ந்த லைக்கன்களை ஆராய்ந்து, காற்றின் தூய்மையை இவற்றைக் கொண்டே அறியலாம் என்று எழுதினார். பள்ளி ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கன் தந்ததே. பாலைநிலத்தில் இஸ்ராயேல் மக்கள் உண்ட மன்னா ஒருவகை லைக்கனாக இருக்கலாம் என்று கருதிய தாவரவியலாரும் உண்டு. அவ்வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நம் தாய்மார்களுக்கு நெருக்கமான லைக்கன், பட்டை, கிராம்போடு மளிகைக்கடைக்காரர் மடித்துக் கொடுக்கும் கல்பாசி. மேற்புறம் வெளிறிய சாம்பல், அடிப்புறம் கறுப்பு. உலர்ந்த நிலையில் மணம் அடங்கியிருக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் வீடெங்கும் பரவும். செட்டிநாட்டுச் சமையலின் தனி மணத்தில் இதற்கும் பங்குண்டு. மராட்டியர் இதனைக் கல்பூ என்று பொருள்படும் பெயரால் அழைத்துத் தம் மசாலாவில் சேர்ப்பர். மாநில லைக்கன் ஒன்றைத் தெரிந்தெடுப்பதாயின் என் வாக்கு இதற்கே. நம் கடலோர மரங்களில் வளரும் ரோசெல்லா என்பது சாயம் தரவல்லது, அறிவியலார்க்கு உகந்தது. ஆனால் மக்கள் பெயரறியாத ஒன்றுக்குப் பட்டம் சூட்டினால், அப்பட்டம் அரசிதழின் பக்கத்திலேயே உறங்கிவிடும்.

இனி, இடர் யாதெனக் கூறுகிறேன். சந்தைக்கு வரும் கல்பாசி தோட்டத்தில் விளைந்தது அன்று. காட்டில் பட்டையினின்றும் பாறையினின்றும் சுரண்டி எடுக்கப்படுவது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும் உயிர் இது. முற்றாகப் பெயர்த்துவிட்டால் அவ்விடம் மீளப் பல்லாண்டு ஆகும். செங்காந்தளுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மருந்துக்கு அதன் விதை தேவைப்பட்டபோது, திண்டுக்கல் முதலிய பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதனைப் பயிரிட்டுக் கொண்டனர். கல்பாசிக்கு அவ்வழி இன்னும் திறக்கவில்லை.

பட்டம் ஒன்றே காவலாகாது என்பதற்குப் பனையே சாட்சி. மாநில மரம் என்ற பெருமை இருந்தும் அது செங்கற்சூளைக்கு வெட்டுண்டது. ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டலாகாது என்னும் அறிவிப்பு 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது 2023-இல்.

சரி, பட்டத்தோடு காவலும் வந்ததாக வைத்துக்கொள்வோம். யாரிடமிருந்து காவல்? வரையாட்டைக் காக்க வேட்டைக்காரனைத் தடுக்கிறோம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கல்பாசியைக் காக்கப் புறப்படும் காவலரின் கையில் முதலில் அகப்படுபவரோ, கூடை சுமந்து வரும் மலைவாழ் ஏழைப் பெண்ணாக இருப்பார். 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை எவரும் மறந்திருக்க இயலாது. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்து விசாரித்தது. நேரிய வருவாய் அருகிய மலையில், காட்டுப்பொருள் திரட்டுவதையும் குற்றமாக்கினால், சாராய ஊறலுக்கு நாமே ஆள் சேர்த்தவர்களாவோம். சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அம்மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஒரு சின்னத்தின் பெயரால் அவ்வுரிமை குறுக்கப்படலாகாது.

ஆகவே நான் வேண்டுவது தடை அன்று, முறை. மரத்திலுள்ளதில் ஒரு பகுதியை விட்டு எடுத்தல், விழுந்த கிளைகளை முதலில் நாடுதல், ஒரு சரிவில் எடுத்தபின் சில ஆண்டுகள் ஓய்வு கொடுத்தல் ஆகிய விதிகளைச் சென்னையில் அமர்ந்து எழுதாமல், மலைக் கிராம சபைகளே வகுக்க வேண்டும். விலையை இடைத்தரகர் அல்ல, மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கம் பேச வேண்டும். அதற்குப் பிறகு பட்டம் சூட்டட்டும், நானும் கைதட்டுவேன்.

கடைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு ஒரு சொல். மரப்பட்டைத் துண்டுகள் மிகுதியாய் ஒட்டியிருக்கும் சரக்கை, விலை குறைவென்று வாங்காதீர்கள். அது மரத்தை உரித்து எடுத்ததாக இருக்கலாம். குழம்புக்கு இரண்டு மூன்று இதழ் போதும். மிகுந்தால் கசக்கும்.